குமிழ் இல்லாத குப்பி

விரல் நீளக் கண்ணாடிக் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து, நகத்தால் இரண்டு தட்டு தட்டி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறார் சைலஸ். உள்ளே கடுகளவு குமிழ் ஒன்று மேலே ஏறுகிறது. உதட்டைப் பிதுக்குகிறார். அந்தக் குப்பியை ஒதுக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுக்கிறார்.

"குமிழு இருந்தா பெட்ரோலு அதுக்குள்ள போயி குந்திக்கும் சேகரு. தண்ணி ஒண்ணுந்தெரியாத புள்ள மாதிரி மூஞ்ச வெச்சிக்கும்."

மறுபடியும் நூல் போலத் தண்ணீரை ஒழுகவிட்டு, விளிம்புக்கு மேலே முத்துப்போல உப்பி நிற்கும்வரை நிரப்பி, மூடி, கவிழ்த்து, தட்டி, தூக்கிப் பார்க்கிறார். குமிழ் இல்லை. குப்பி ஐஸ் பெட்டிக்குள் போகிறது. ஒரு குழிக்கு மூன்று குப்பி. சோதனைக்காகத் தோண்டியது மொத்தம் ஐந்து குழி. பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்குக் கால் கடுத்துப் போகும். அவருக்கு மட்டும் கடுப்பதில்லை.

படவேட்டுப் பக்கமிருந்து ஜவ்வாது மலைக்குத் திரும்புகிற கூட்ரோட்டில், புளியமரத்துக்கு எதிரே வெறும் திடல் ஒன்று கிடக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்பு வரை அது பெட்ரோல் பங்க். மூடியபின் பூமிக்கடியில் இருந்த இரண்டு டாங்கியையும் தோண்டி, கிரேனில் தூக்கி, லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். டாங்கி போனது. அதிலிருந்து கசிந்தது போகவில்லை. மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்துப் பக்கமாக நடந்துபோய் ஒரு வீட்டுக் கிணற்றில் உட்கார்ந்துகொண்டது. அது சைலஸ் வீட்டுக் கிணறு.

மண்ணையும் தண்ணீரையும் எடுத்துச் சோதிக்க வேலூரிலிருந்து ஒரு பரிசோதனைக் கூடத்துக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். சைலஸுக்கு அவர்களிடம்தான் வேலை. வயது ஐம்பத்தெட்டு. ஒட்டிய கன்னம், நீளமான கை, பேசும்போது ஆளைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிற கண். வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுவது நான்.

தண்ணீர் எடுக்கிற நாளில் அவரிடம் ஒரு வாசனையும் இருக்காது. சோப்புப் போட மாட்டார். தலைக்கு எண்ணெய் கிடையாது. பவுடர், விபூதி, பல்லுக்கு வாசனைப் பேஸ்ட் எதுவும் கிடையாது. உப்பில் பல் தேய்த்துவிட்டு வருவார். பைக் பக்கம் போக மாட்டார். யாராவது பீடியோடு வந்தால் பத்தடி தள்ளியே கையைக் காட்டி நிறுத்திவிடுவார். ஒவ்வொரு குழிக்கும் கையுறை மாற்றுவார். குழியில் தேங்கிக் கிடக்கிற தண்ணீரை முதலில் இறைத்துக் கொட்டிவிட்டு, ஊறி வருகிற புதுத் தண்ணீரைத்தான் பிடிப்பார். "நின்ன தண்ணி பழைய கதைய சொல்லும். நமக்கு இன்னிக்கிக் கதை வேணும்" என்பார்.

ஐஸ் பெட்டிக்குள் எப்போதும் ஒரு குப்பி தனியாக இருக்கும். வேலூரிலேயே சுத்தத் தண்ணீர் நிரப்பி மூடி அனுப்புவது. எங்கேயும் திறப்பதில்லை. பெட்டியோடு வரும், பெட்டியோடு போகும். வழியில் வண்டிக்குள் பெட்ரோல் ஆவி புகுந்தால் இந்தக் குப்பி அதைப் பிடித்துக்கொள்ளும். கூடத்தில் சோதித்தால் தெரிந்துவிடும். சைலஸ் அதற்கு வைத்திருக்கிற பெயர் சாட்சி. "இவரு சாட்சி. வாய தொறக்க மாட்டாரு. ஆனா எல்லாத்தயும் பாத்துக்கினே வருவாரு." பெட்டியைத் தூக்கி வைக்கும்போது சாட்சியின் மூடியை ஒருதரம் தொட்டுக்கொள்வார்.

இந்த முறை காலையில் முதலில் மலைமேல்தான் போனோம். எப்போதும் அப்படித்தான். கூட்ரோட்டுக்கு மேல்சரிவில், பங்க்கின் கசிவு ஏற முடியாத உயரத்தில், பெரியம்மாளின் சாமைக் கொல்லையும் கிணறும் இருக்கின்றன. அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துப்போவார்கள். பெரியம்மாள் முறத்தை மடியில் வைத்தபடியே குரல் கொடுத்தாள்.

"இன்னா சைலசு, மறுபடியும் வந்துட்டியா? எங்க கெணத்துல ஒண்ணுமில்லன்னு எத்தினி வாட்டிதான் எழுதிக்கினு போவே?"

"ஒண்ணுமில்லாத கெணறு ஒண்ணு வேணும்க்கா. இல்லாட்டி எங்க கெணத்த எதோட வெச்சிப் பாக்கறது?"

"பாத்துக்கினே இரு. பொண்டாட்டி கலசப்பாக்கத்துல, நீ கூட்ரோட்டுல. போன வாட்டியே நாலாவது காயிதம் வந்துடும், அவ வந்துடுவான்னியே?"

சைலஸ் என்னைப் பார்க்கவில்லை. நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் காகித விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். கிணற்றுத் தண்ணீர் தொடர்ந்து நான்கு முறை அனுமதித்த அளவுக்குள் வந்தால்தான் குடிக்கலாம் என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று முறை நல்லபடியாக வந்துவிட்டது. நான்காவது முறை கெட்டது தண்ணீரால் இல்லை. என்னால்.

அன்றைக்கு என் புல்வெட்டும் மிஷினுக்கு ஒரு கேனில் பெட்ரோல் வாங்கி, ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். அதன் மேலே ஐஸ் பெட்டி. மூடித்தானே இருக்கிறது, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து சைலஸ் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சேகரு, அன்னிக்கி வண்டியில இன்னா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லியே."

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லுப்பா."

"ஒண்ணுமில்லன்றேன். நம்ப மாட்டியா?"

"சாட்சி சொல்லிட்டாருப்பா."

அப்புறம் கேனைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். வேலூரில் அந்த முறை எடுத்த குப்பி அத்தனையும் தள்ளுபடி. மூன்று மாத இடைவெளி என்று எழுதியிருப்பதால் அடுத்த நாளே போய் மறுபடி எடுக்கவும் முடியாது. சைலஸ் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பை முழுதாகக் குடித்தார். "மூணு மாசம். ஒரு போகம் நெல்லு" என்றார். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதனால் இந்த முறை ஜீப்பில் ஏறும் முன்பு, ஆவியை மோந்து எண் காட்டுகிற அந்தக் கையளவு மிஷினை எடுத்துச் சீட்டுக்கடியில், டூல்ஸ் பெட்டிக்குள், என் துண்டுக்கு மேலே என்று ஒரு இடம் விடாமல் காட்டினார்.

"வண்டிக்கே மோப்பமா? நல்லா இருக்குதுய்யா."

"வண்டிக்கு இல்ல. உனக்குத்தான்."

மிஷின் இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது. அவர் மூக்கு செத்துப் பல வருஷம் ஆகிறது. கையால் சுற்றி இறக்குகிற துளைக்கருவியில் மண்ணை எடுத்து, நீளமான தகரத் தட்டில் ஆழத்துக்கு ஆழம் வரிசையாகப் படுக்க வைப்பார். மேலே செம்மண், அப்புறம் சுக்கான் கல் கலந்தது, அதற்கும் கீழே சாம்பலாகக் கறுத்த ஒரு பட்டை. அந்தப் பட்டை வெளியே வந்ததும் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட மூக்கைச் சுளிப்பார்கள். சைலஸ் அந்த மண்ணை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். அப்புறம் என்னிடம் நீட்டுவார்.

"வருதா?"

"வருதாவா? கொமட்டுது."

தலையாட்டிக்கொண்டு, மண்ணைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டி, வெயிலில் பத்து நிமிஷம் வைத்து, மிஷினின் முனையைக் கவருக்குள் விட்டு எண் எழுதிக்கொள்வார். மிஷின் சொன்ன பிறகும் ஒருதரம் கேட்பார். "வருதா?" கண் தெரியாதவர்கள் பஸ் எந்த ஊருக்கு என்று கேட்பார்களே, அந்தக் குரலில்.

மூக்கு செத்தது இதே திடலில்தான். பதினெட்டு வருஷம் இந்த பங்க்கில் பெட்ரோல் போட்டவர் அவர். டாங்கிகளைத் தோண்ட ஆள் வந்தபோது, எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வரைபடம் இல்லை. முதலாளி ஊரை விட்டே போய்விட்டார். வேடிக்கை பார்க்க நின்ற சைலஸ் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். பெரிய டாங்கி, சின்ன டாங்கி, ஊற்றுகிற வாய், பம்புக்குப் போகிற குழாய், முழங்கை திரும்புகிற இடம். தோண்டினால் எல்லாம் அப்படியே இருந்தது. அன்றைக்கே வேலூர்க்காரர்கள் அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் அதிகம் சொல்ல மாட்டார். ஒரு தரம் மட்டும் சொன்னார். "காலையில டாங்கியில அளவுக் குச்சி வுட்டுப் பாப்பேன். கொறச்சலாத்தான் காட்டிச்சு. மொதலாளி வெயிலுக்கு ஆவியா போவுதுன்னாரு. நானும் சரின்னேன்." தரையைப் பார்த்துக்கொண்டு, "மார்கழியிலயும் ஆவியா போச்சு" என்றார்.

அவர் மனைவி மெர்சிலின் கண்டுபிடித்திருப்பார், இவர் விடவில்லை. பங்க் மூடுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே, தண்ணீரில் வாசனை வருகிறது என்று அந்தம்மா சொல்லியிருக்கிறார். இவர் சிரித்திருக்கிறார். "தண்ணியில இல்ல மெர்சி, எம்மேல. நாளெல்லாம் பெட்ரோலுலயே நிக்கிறேன். வூட்டுக்குள்ள வந்தா வாசன வராதா?" பங்க்கில் வேலை செய்கிறவன் பெண்டாட்டிக்கு வேறு என்ன தோன்றும்? நம்பிவிட்டார்.

அதிலிருந்து சைலஸுக்குச் சட்டையோடு வீட்டுக்குள் போக அனுமதி இல்லை. வேலை முடிந்து வந்தால் படலுக்கு வெளியே, கை இரண்டையும் உடம்பில் படாமல் அகட்டிக்கொண்டு நிற்பார். மெர்சிலின் வந்து விரல் நுனியால் பொத்தானைக் கழற்றி, சட்டையை உருவி, தனிக் கல்லில் போட்டுத் துவைத்து, தெருப்பக்க வேலியில் காயப்போடுவார். இவர் சீயக்காய் போட்டு இரண்டு தரம் குளிப்பார். துவைத்ததும் குளித்ததும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். எவ்வளவு துவைத்தாலும் வாசனை போகவில்லை என்று இரண்டு பேரும் இரண்டு வருஷம் சட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பங்க் மூடியாயிற்று. சட்டையைக் கிழித்து ஜன்னல் துடைக்கப் போட்டாயிற்று. மூன்றாவது மாதம் ஒரு காலையில் மெர்சிலின் உலைத் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றிருக்கிறார். ஒரே ஒரு கேள்வி.

"இப்ப எந்தச் சட்டைங்க?"

அந்தம்மாவுக்கு அப்போதே கை முழுவதும் சொறி. டாக்டர் அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது என்றுவிட்டார். கலசப்பாக்கத்தில் தங்கை பிலோமினாள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கேன் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறேன் வா என்று சைலஸ் எத்தனையோ தரம் கூப்பிட்டுப் பார்த்தார். "நான் வந்தா அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் குடிப்பேன். அது நல்லா ஆயிடுச்சின்னு நீங்க சொல்ல வேணாம். நீங்க சொன்னத ஒருதரம் நம்பிட்டேன். காயிதம் சொல்லட்டும்" என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைலஸ் பஸ் பிடித்துப் போவார். மைத்துனி வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். விருந்தாளிக்குக் கொடுக்கிற டம்ளரில் காபி. பெண்டாட்டி எதிரே நின்று ஊர்க்கதை கேட்பார். சாயங்கால வண்டிக்குத் திரும்பிவிடுவார். இப்படி ஆறு வருஷம். நீயும் அங்கேயே போய்விடேன் என்று நானே சொல்லியிருக்கிறேன். "கெணத்த வுட்டுட்டு எங்கப்பா போறது?" என்றார். ஏதோ படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சிவப்புப் பெயிண்டில் எச்சரிக்கை. ராட்டினம் துருப்பிடித்துக் கிடக்கிறது, காற்றடித்தால் கிறீச்சிடும். ஒரு சொட்டு எண்ணெய் விடு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். எண்ணெய் தண்ணீரில் சொட்டிவிடுமாம். மூன்று வருஷத்துக்கு முன்பு புதிதாக மஞ்சள் நைலான் கயிறும் பித்தளைக் குடமும் வாங்கி ராட்டினத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவைத்தார். கயிற்றில் இன்னும் கடைக்காரன் போட்ட முடிச்சு இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத கயிறு.

ஐந்து குழி முடிந்ததும் கடைசியாக அந்தக் கிணறு. அதை அவர் தொடக்கூடாது. சொந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரர் குப்பி பிடித்தால் செல்லாது என்பது கூடத்தின் விதி. அதைப் பிடிப்பது வேலூரிலிருந்து வருகிற என்ஜினீயர் பெண் அன்பரசி. சைலஸ் ரோட்டைத் தாண்டிப் போய்ப் புளியமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றார். அன்பரசி வலையின் பூட்டைத் திறந்து, குழாய்க் கருவியைத் தான் கொண்டுவந்த கயிற்றில் இறக்கினார்.

"மேடம், தண்ணி முட்டுச்சா?"

"முட்டிடுச்சுண்ணா. திரும்பாதீங்க."

"திரும்பல. கேக்கறதுகூடவா தப்பு? மேலாப்புல புடிக்காதீங்க. ஒரு ஆள் ஆழம் வுடுங்க."

"விட்டுட்டேன்."

"நூலாட்டம் ஊத்துங்க. தண்ணிய பயமுறுத்தாதீங்க."

"அண்ணா, நான் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

"அதுக்கு இல்ல மேடம்." முதுகு ஏறி இறங்கியது. "குமிழு?"

அன்பரசி குப்பியைக் கவிழ்த்து, தட்டி, வெயிலில் பார்த்தார். "இல்லண்ணா."

"ரெண்டு தட்டு தட்டினீங்களா? ஒண்ணுதான் கேட்டுச்சு."

அன்பரசி சிரித்துக்கொண்டே இன்னொன்று தட்டினார்.

வேலூருக்குப் போகிற வழி முழுக்க ஒரு பங்க்கிலும் நான் வண்டியை நிறுத்தவில்லை. முன்னால் போகிற லாரி புகை விட்டால் வேகத்தைக் குறைத்துத் தூரத்தில் வந்தேன். சைலஸ் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போகும், கீழே வை என்றேன். மரத்துப்போகட்டும் என்றார்.

பதின்மூன்றாம் நாள் காகிதம் வந்தது. சாட்சி சுத்தம். கிணறும் அளவுக்குள். அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து வலையைக் கழற்றினார்கள், சிவப்பு எழுத்தைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். சைலஸ் மஞ்சள் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். குடம் உள்ளே போய்த் தண்ணீரைத் தொட்டது. ராட்டினம் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது. மேலே வந்த தண்ணீரை அவர் குடிக்கவில்லை. ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்துவந்து, நூலாக ஊற்றி, விளிம்புக்கு மேலே உப்ப நிரப்பி, மூடி, கவிழ்த்து, தட்டி, வெயிலில் பார்த்தார். கொட்டினார். மறுபடி நிரப்பினார்.

"கலசப்பாக்கம் போவணும் சேகரு."

"பொண்டாட்டிய பாக்கப் போறே, கொஞ்சம் பவுடராவது போட்டுக்கினு வரக்கூடாதா?"

"தண்ணியோட போறேம்பா."

நாற்பது கிலோமீட்டரும் பாட்டில் அவர் மடியில். காகிதம் சட்டைப்பையில் நான்காக மடிந்து கிடந்தது.

மெர்சிலின் ஹாஸ்டலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். புடவைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். ஞாயிறு இல்லாத நாளில் புருஷன் நிற்பதைப் பார்த்ததும் படி இறங்கவில்லை. சைலஸ் காகிதத்தை நீட்டினார். அந்தம்மா அதை வாங்கி, எழுத்துக்கூட்டிக் கடைசி வரிவரைக்கும் படித்தார். படித்ததை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம் பாட்டிலுக்குக் கையை நீட்டினார்.

மூடியைத் திறந்ததும் தண்ணீர் வழிந்து அவர் விரலை நனைத்தது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் மூடிக்கொண்டிருந்தார்.

"வருதா?" என்றார் சைலஸ்.

மெர்சிலின் பாட்டிலைப் படியில் வைத்தார். ஈரக் கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, அதில் முகத்தை வைத்து மூச்சை உள்ளே இழுத்தார். சைலஸ் இரண்டு கையையும் உடம்பில் படாமல் அகட்டிக்கொண்டு, அசையாமல் நின்றார்.